மேசைக்கு மேசை வளர்ந்த புத்தகம்

பிறந்தபோது அதற்கு 48 பக்கம். ஆண்டு 2000. போட்டவர் சாம்மி ஹார்க்கம், இருபது வயது. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, பதின்பருவத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போனவர். பதிப்பகம் கிடையாது, முதலாளி கிடையாது. தானே தொகுத்து, தானே வெளியிட்ட காமிக்ஸ் குறும்புத்தகம். பெயர் ‘கிராமர்ஸ் எர்காட்’. அதே பெயரைச் சுமந்து 2008-இல் வந்த ஏழாவது இதழ் 16 அங்குல அகலம், 21 அங்குல உயரம். விலை 125 டாலர். அதை மடியில் வைத்துப் படிக்க முடியாது. தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து குனிந்துதான் படிக்க வேண்டும்.

எட்டு ஆண்டுகளில் ஒரு புத்தகம் இப்படி வளர்ந்ததற்கு விளம்பரம் காரணமில்லை. விளம்பரம் செய்யப் பணம் ஏது? பணம் இருந்திருந்தாலும் எந்த வாசகத்தைப் போட்டு விளம்பரம் செய்வது? சில புத்தகங்களை விவரித்து விற்க முடியாது. பிரித்துக் காட்டித்தான் விற்க வேண்டும். கிராமர்ஸ் எர்காட் அந்த ரகம். அதைப் பிரித்துக் காட்ட இடம் கொடுத்தவை வட அமெரிக்காவின் சிறுபதிப்பு காமிக்ஸ் விழாக்கள். அந்த விழாக்களில் வாடகைக்குக் கிடைக்கும் மடக்கு மேசைகள். ஆகவே இந்தப் புத்தகத்தின் வரலாற்றை மேசைகளின் வழியாகச் சொல்வதே முறை என்று நினைக்கிறேன்.

அன்றைய அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் எப்படிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் மேசையின் மதிப்பு புரியும். 1990-களின் இறுதிக்குள் காமிக்ஸ் கடைகளுக்கான விநியோகம் கிட்டத்தட்ட முழுக்க டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அது மாதந்தோறும் ‘ப்ரீவியூஸ்’ என்ற தடித்த பட்டியலை வெளியிடும். கடைக்காரர் அதைப் புரட்டி, பின்னால் வரப்போகும் புத்தகங்களுக்கு இப்போதே ஆர்டர் எழுத வேண்டும். எழுதினால் எழுதியதுதான். விற்காத பிரதி அவர் தலையில். ஸ்பைடர்மேன் எத்தனை போகும் என்று அவருக்குத் தெரியும். பெயரே கேள்விப்படாத ஒரு கூட்டம் வரைந்த தொகுப்பு எத்தனை போகும்? பட்டியலில் தபால்தலை அளவுக்கு ஒரு படமும் நாலு வரிக் குறிப்பும் இருக்கும். அதை நம்பிப் பணத்தை முடக்கவில்லை என்று எந்தக் கடைக்காரரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவரே எழுதி வரைந்த நாவல் என்றால் கதை இன்னது என்று ஒரு வரியிலாவது சொல்லலாம். தொகுப்புக்கு அந்த ஒரு வரியும் இல்லை. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1994-இல் அமெரிக்காவின் இரு கரைகளிலும் ஒவ்வொரு விழா தொடங்கியது. கிழக்கே மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் ஸ்மால் பிரஸ் எக்ஸ்போ. காமிக்ஸ்காரர்கள் வாயில் அது எஸ்பிஎக்ஸ். மேற்கே கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஆல்டர்னேட்டிவ் பிரஸ் எக்ஸ்போ. சூப்பர்ஹீரோ வேஷம் போட்டவர்களும் சினிமா அரங்குகளும் நிறைந்த சான் டியாகோ மாநாட்டுக்கு நேர் எதிரான இடங்கள் இவை. வரைந்தவரே வந்து உட்கார்ந்து விற்பார். எஸ்பிஎக்ஸ் 1997 முதல் இக்னட்ஸ் விருது கொடுக்கிறது. ஓவியர்கள் ஐந்து பேர் கொண்ட குழு பட்டியல் போடும். அந்நாளில் விழாவுக்கு வந்தவர்கள் வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுப்பார்கள். தொகுப்புகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பரிசு ஒரு செங்கல். ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’ தொடரில் இக்னட்ஸ் என்ற எலி பூனையின் தலையில் எறிந்துகொண்டே இருக்குமே, அந்தச் செங்கல். சிறுபதிப்பு உலகத்தின் அன்பையும் பிடிவாதத்தையும் இதைவிடப் பொருத்தமாகச் சொல்லும் கேடயத்தை நான் அறிந்ததில்லை.

2001-இல் எஸ்பிஎக்ஸ் செப்டம்பர் நடுவில் நடப்பதாக இருந்தது. 11-ஆம் தேதித் தாக்குதலுக்குப் பிறகு அந்த ஆண்டு விழாவே ரத்தாயிற்று. நாடே அதிர்ந்திருந்த நேரத்தில் இது சிறிய செய்திதான். ஆனால் அந்த வார இறுதியைக் குறிவைத்து அச்சகத்தில் நின்றவர்களுக்கு விற்க வேறு இடமில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்களை நம்பி ஒரு இலக்கிய வடிவமே வாழ்ந்துகொண்டிருந்தது என்பது அப்போது தெரிந்தது.

மேசை என்றால் ஆறடியோ எட்டடியோ நீளம். முழு மேசை வாடகை கட்டுப்படியாகாதவர்கள் பாதி மேசை எடுப்பார்கள். மேலே ஒரு துணி, விலை எழுதிய அட்டைகள், சில்லறை டப்பா. வருகிறவர் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்; நடுவில் எங்கோ பிரிக்கிறார். வரைந்தவர் அந்த நேரத்தில் பேசாமல் இருக்கக் கற்றிருக்க வேண்டும். எடுத்தவர் இரண்டாவது பக்கத்தைப் புரட்டினால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முன்பே விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், ‘ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்’ என்று நகர்ந்துவிடுவார். தொகுப்பு விற்பவருக்கு இங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது. ஒரே கை வரைந்த புத்தகத்தில் அந்தக் கை பிடிக்காவிட்டால் அவ்வளவுதான். தொகுப்பில் எந்தப் பக்கம் திறந்தாலும் வேறொரு கை. பட்டியலில் எது பலவீனமாக இருந்ததோ, மேசையில் அதுவே பலம். அந்தக் காலத்தில் எல்லாம் ரொக்கம். கைபேசியில் செருகி அட்டை தேய்க்கும் ஸ்கொயர் கருவி 2010 வாக்கில் வந்த பிறகுதான், இருபது டாலருக்கு மேல் விலை வைத்தவர்களுக்கு மூச்சு வந்தது.

விற்பனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பண்டமாற்று. கூட்டம் குறையும் நேரத்தில் மேசைக்காரர்கள் எழுந்து அடுத்த மேசைகளுக்குப் போவார்கள். உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. விலை வித்தியாசத்தை யாரும் நுணுக்கிப் பார்ப்பதில்லை. ஜெராக்ஸ் எடுத்து நடுவில் பின் அடித்த எட்டுப் பக்கம், ஸ்க்ரீன் பிரிண்டிங் அட்டை போட்ட முப்பது பக்கம், நாலாக மடித்த ஒரே தாள் என்று பை நிறையும். தொகுப்பாளர் என்றால் அந்தப் பையை வீட்டுக்குப் போய்க் கொட்டி ஒவ்வொன்றாகப் படிப்பார். அடுத்த இதழில் யார் வரப்போகிறார்கள் என்பது அதற்குள் இருக்கிறது. தொகுப்பை விற்கப் போகிறவர் அடுத்த தொகுப்பை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

உடம்பாலேயே பேசிய தொகுப்பு இதற்கு முன்பும் ஒன்று உண்டு. 1980 ஜூலையில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் பிரான்ஸ்வாஸ் மூலியும் ஆர்ட் ஸ்பீகல்மனும் ‘ரா’ இதழைத் தொடங்கினார்கள். சாதாரண காமிக்ஸைப் பக்கத்தில் வைத்தால் காணாமல் போகும் அளவுக்குப் பெரியது. முதல் இதழின் அட்டையில் தனியாக அச்சிட்ட வண்ணப்படத்தைக் கையால் ஒட்டினார்கள். இரண்டாவது இதழோடு சூயிங்கம் கொடுத்தார்கள். ஏழாவது இதழில் ஒவ்வொரு பிரதியின் அட்டை மூலையையும் கையால் கிழித்து, வேறொரு பிரதியின் கிழிந்த துண்டை உள்ளே ஒட்டினார்கள். பின்னால் 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற ‘மவுஸ்’ அந்த இரண்டாவது இதழிலிருந்துதான், உள்ளே செருகிய சிறு கையேடாக, தொடர்ந்து வந்தது. ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பொருளுக்கும் ஒருவர் கை பட்டிருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதில் மூலி காட்டிய அக்கறை அசாத்தியமானது. ‘ரா’ 1991-இல் நின்றது. அந்த இடம் வெகுகாலம் காலியாகவே கிடந்தது.

காலி இடத்தை நிரப்பக்கூடிய ஆட்கள் வேறெங்கோ உருவாகிக்கொண்டிருந்தார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஓல்னிவில் பகுதியில் ஒரு பழைய ஆலைக் கட்டடம். 1995-இல் மேட் பிரிங்க்மன், பிரையன் சிப்பண்டேல் முதலிய இளம் ஓவியர்கள் அங்கே குடியேறி, அதற்கு ஃபோர்ட் தண்டர் என்று பெயர் வைத்தார்கள். இரைச்சல் இசை, சுவர் முழுக்க சுவரொட்டி, தரை முழுக்க குப்பையிலிருந்து பொறுக்கிய பொருள்கள், நடுவில் ஸ்க்ரீன் பிரிண்டிங் மேசைகள். அவர்கள் வரைந்த காமிக்ஸில் அரக்கர்கள் குகைக்குள் நடப்பார்கள். அநேகமாக அதுதான் கதை. கோடுகள் அடர்ந்து, நெளிந்து, பக்கத்தின் ஓரம் வரை நிரம்பியிருக்கும். ‘பேப்பர் ரோடியோ’ என்ற செய்தித்தாள் வடிவ இதழை இலவசமாகவே கொடுத்தார்கள். 2001-இல் அவர்களை வெளியேற்றினார்கள். வணிக வளாகம் வருவதற்காகக் கட்டடத்தை இடித்தார்கள். வீடு இழந்த அந்தக் கலை விழா மேசைகளில்தான் உயிர் தரித்தது. மாசசூசெட்ஸிலிருந்து டாம் டெவ்லின் நடத்திய ஹைவாட்டர் புக்ஸ் அவர்களில் சிலரைப் புத்தகமாகப் போட்டது. ஜார்டன் கிரேன் என்பவர் ‘நான்’ என்ற தொகுப்பின் ஐந்தாவது இதழை 2001-இல் தன் கையாலேயே ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்த உறைக்குள் வைத்துக் கொடுத்தார். தொகுப்பு என்பது ஒரு கலைப்பொருளாகவும் இருக்கலாம் என்று அதைப் பார்த்த இளைஞர்களுக்குத் தெரிந்தது.

அந்த இளைஞர்களில் ஹார்க்கமும் ஒருவர். இரண்டாவது, மூன்றாவது இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொகுப்பாளர் கை பழகிய காலம் அது. நான்காவது இதழில்தான் எல்லாம் மாறியது.

2003 கோடை. நியூயார்க்கின் மொக்கா விழா அப்போது இரண்டாவது ஆண்டில் இருந்தது. முந்தைய ஆண்டில்தான் தொடங்கியிருந்தார்கள். நடந்த இடம் லஃபாயட் தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள பக் பில்டிங். 1880-களில் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம். வண்ண லித்தோகிராஃப் கேலிச்சித்திரங்களால் அமெரிக்க அரசியல்வாதிகளை உறங்கவிடாமல் செய்த ‘பக்’ வார இதழுக்காகக் கட்டியது. அதை அச்சிட்ட அச்சகமும் உள்ளேயே இயங்கியது. வாசலுக்கு மேலே பொன்முலாம் பூசிய பக் சிலை இன்றும் நிற்கிறது. ஒரு காலத்தில் வண்ணச் சித்திரங்கள் கட்டுக்கட்டாக வெளியே போன அதே கட்டடத்துக்குள் இப்போது ஓவியர்கள் பெட்டி பெட்டியாகச் சித்திரங்களைச் சுமந்து வந்தார்கள். அந்தப் பெட்டிகளில் ஒன்றில் கிராமர்ஸ் எர்காட் நான்காவது இதழ் இருந்தது.

முந்நூறு பக்கத்தைத் தாண்டிய தடிமன். வண்ணம். வெளியிட்டது ஹார்க்கமின் சொந்தப் பதிப்புப் பெயரான அவோடா புக்ஸ். உள்ளே ஃபோர்ட் தண்டரின் பிரிங்க்மன், கனடாவின் மார்க் பெல், சிகாகோவின் ஆண்டர்ஸ் நீல்சன், கலிஃபோர்னியாவின் சௌதர் சலஸார் என்று விழா மேசைகளில் மட்டும் பழகிய பெயர்கள். இவர்களை எல்லாம் ஏற்கெனவே தனித்தனியாகப் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். இரண்டு டாலர் ஜெராக்ஸ் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்த கையை இங்கே நல்ல தாளில், வண்ணத்தில், தடித்த முதுகு கொண்ட புத்தகத்தில் பார்த்தார்கள். பிரிங்க்மனின் அரக்கர்கள் ஒரு பக்கம், பென்சிலில் கிறுக்கியது போன்ற நாட்குறிப்பு ஒரு பக்கம், வெட்டி ஒட்டிய வண்ணத்தாள்கள் ஒரு பக்கம். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆனாலும் வரிசை தெரிந்தே போட்டது. பந்தியில் இனிப்பு எப்போது, புளிப்பு எப்போது என்று தெரிந்து பரிமாறுகிறவரின் கை அது.

அந்த இரைச்சலுக்கு நடுவே ஹார்க்கமே வரைந்த ‘புவர் செயிலர்’ வருகிறது. மாப்பசானின் ஒரு சிறுகதையை எடுத்துத் தன் போக்கில் வளர்த்தது. மனைவியோடு காட்டோரம் வாழும் ஒருவன் கடலுக்குப் போகிறான். கையை இழக்கிறான். திரும்பி வரும்போது வீட்டில் அவள் இல்லை. வசனம் மிகக் குறைவு, கோடும் குறைவு. தனியாக வந்திருந்தால் அழகான கதை என்று சொல்லி வைத்திருப்போம். இத்தனை கூச்சலுக்கு இடையில் படிக்கும்போது அதன் அமைதி நெஞ்சில் இறங்குகிறது. தொகுப்புக் கலையின் சூட்சுமமே இதுதான் என்று நான் நம்புகிறேன்: ஒரு கதைக்குப் பக்கத்துக் கதை செய்யும் உதவி. இந்தக் கதை 2005-இல் தனிப் புத்தகமாகவும் வந்தது.

மொக்காவில் அந்த ஆண்டு எல்லோர் வாயிலும் இந்தப் புத்தகம்தான். விற்பனைப் பட்டியல் வழியாக இது நடந்திருக்க முடியாது. மண்டபத்துக்குள் கையிலிருந்து கைக்குப் போனதால் நடந்தது. வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் தாங்களே வரைகிறவர்கள். அவர்கள் அதைத் தங்கள் ஊருக்கு எடுத்துப்போய் நண்பர்களுக்குக் காட்டினார்கள். விமர்சகர்கள் எழுதத் தொடங்கியது அதற்கும் பிறகு. ‘ரா’வுக்குப் பின் இப்படி ஒரு தொகுப்பு வரவில்லை என்ற பேச்சு பரவியது. மிகையில்லாத பேச்சு.

இதன் பிறகு புத்தகத்துக்குப் பதிப்பகம் கிடைத்தது. ஐந்தாவது இதழை 2004-இல் கலிஃபோர்னியாவின் கலைநூல் பதிப்பகமான ஜின்கோ பிரஸ் வெளியிட்டது. அதில் கேப்ரியல் பெல் வரைந்த ‘செசில் அண்ட் ஜார்டன் இன் நியூயார்க்’ என்ற சில பக்கக் கதை இருக்கிறது. காதலனோடு நியூயார்க்குக்கு வந்து, தங்க இடமில்லாமல், தன்னால் யாருக்கும் பயனில்லை என்று மறுகும் ஒரு பெண் ஒருநாள் நாற்காலியாக மாறிவிடுகிறாள். தெருவில் கிடந்த நாற்காலியை யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அங்கே அவளுக்கு நிம்மதி. பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோந்த்ரி இதையே ‘இன்டீரியர் டிசைன்’ என்று படமாக்கி, நகரத்தை டோக்கியோவாக மாற்றினார். 2008-இல் வந்த ‘டோக்கியோ!’ திரைப்படத்தின் முதல் பகுதி அதுதான். விழா மேசைகளின் உலகத்தில் முளைத்த கதை அந்தத் தொகுப்பிலிருந்து திரைக்குப் போன தூரத்தை நினைக்கையில், தொகுப்புகளை விற்கவே முடியாது என்று ஒதுக்குகிறவர்களிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும் என்று தோன்றுகிறது.

ஆறாவது இதழ் 2006-இல், ஓக்லண்டின் பியூனவெஞ்சுரா பிரஸ் வழியாக வந்தது. ஆல்வின் பியூனவெஞ்சுரா என்ற ஒற்றை மனிதரின் பதிப்பகம். காமிக்ஸ் ஓவியர்களின் படங்களைச் சுவரில் மாட்டும் தரத்தில் அச்சிட்டவர் அவர். தாள், மை, கட்டுமானம் இவற்றில் சமரசமே தெரியாதவர். ஹார்க்கமின் ஆசைக்கு ஈடு கொடுக்கும் பதிப்பாளர். இருவரும் சேர்ந்ததன் விளைவுதான் ஏழாவது இதழ்.

அதன் அளவு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கிளைக்கதை. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க ஞாயிறு நாளிதழ்களில் ஒரு முழுப் பக்கம் ஒரு காமிக்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. வின்சர் மக்கேயின் ‘லிட்டில் நீமோ’ அப்படி வந்ததுதான். பின்னால் தாள் சிக்கனத்துக்காகக் கட்டங்கள் சுருங்கிச் சுருங்கி, தேய்ந்து போயின. 2005-இல் பீட்டர் மரெஸ்கா என்பவர் நீமோவின் தேர்ந்தெடுத்த பக்கங்களைப் பழைய நாளிதழ் அளவிலேயே, 16-க்கு 21 அங்குலத்தில் புத்தகமாகப் போட்டார். அதைப் பார்த்தவர்களுக்கு மக்கே என்ன செய்தார் என்பது முதன்முறையாக விளங்கியது. இறந்தவர்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பக்கம்? இன்று வரைகிறவர்களுக்கும் கொடுத்தால் என்ன செய்வார்கள்? அந்தக் கேள்விதான் ஏழாவது இதழ். மக்கே புத்தகத்தின் அதே அளவு, 96 பக்கம். கிறிஸ் வேர், டேனியல் கிளௌஸ், ஹைமே ஹெர்னாண்டஸ், ‘சிம்ப்சன்ஸ்’ புகழ் மேட் கிரேனிங் முதல் விழாக்காரர்கள் வரை அழைப்பு போயிற்று. வேர் தன் பக்கங்களின் நடுவே ஒரு கைக்குழந்தையை நிஜ அளவிலேயே வரைந்தார். வேறு எந்த அளவிலும் அந்த யோசனைக்கு இடமில்லை. பக்கத்தைப் புரட்டினால் குழந்தை உங்கள் முன்னால் படுத்திருக்கிறது.

125 டாலர் என்ற விலை சண்டை மூட்டியது. இரண்டு டாலர் ஜெராக்ஸில் பிறந்த கலைக்கு இதுவா நியாயம் என்று கேட்டவர்கள் பலர். பதிப்பாளர் அச்சுச் செலவையும் கட்டுமானச் செலவையும் காட்டிப் பதில் சொன்னார். அவர் சொன்ன கணக்கு சரிதான். ஆனாலும் கேட்டவர்கள் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு. மேசையில் ஒருவர் தொகுப்பைத் தயக்கமில்லாமல் எடுத்துப் புரட்டுவதற்கு அதன் விலையும் ஒரு காரணம். 125 டாலர் புத்தகத்தைப் பயந்துகொண்டுதான் தொடுவார்கள். அது மட்டுமா? 21 அங்குலப் புத்தகத்தைத் திறந்தால் பாதி மேசை போய்விடும். பக்கத்து மேசைக்காரரின் புத்தகத்தின் மேல் ஏறும். வாங்கினவர் அதை விமானத்தில் எப்படி எடுத்துப் போவார்? பண்டமாற்றில் இதற்கு ஈடாக எதை வைப்பது? மேசையில் வளர்ந்த புத்தகம் மேசையைவிடப் பெரிதாகிவிட்டது. இப்படி எழுதிவிட்டேனே தவிர, அந்தப் புத்தகம் வந்திருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து வயதுக் குழந்தை நாளிதழைத் தரையில் விரித்து அதன் மேலேயே ஏறிப் படுத்துப் படிக்கும் சுகத்தை நம் காலத்தின் சிறந்த ஓவியர்கள் ஒருமுறையாவது தந்தார்கள்.

2010-இல் பியூனவெஞ்சுரா பிரஸ் மூடப்பட்டது. ஆல்வின் பிறகு பிஜன் பிரஸ் என்று மறுபடி சில காலம் முயன்றார், 2016-இல் மறைந்தார். சிறுபதிப்பில் ஒரு பதிப்பகம் என்பது பெரும்பாலும் ஒரு மனிதர். அவருடைய உடம்பும் வங்கிக் கணக்கும் தாங்குகிறவரை அது இருக்கும். ஹைவாட்டர் 2004-இலேயே போயிருந்தது. எட்டாவது இதழை வெளியிட்ட பிக்சர்பாக்ஸ், டான் நேடல் நடத்தியது, 2013 முடிவில் பதிப்பதை நிறுத்திக்கொண்டது. கிராமர்ஸ் எர்காட் பிழைத்ததற்குக் காரணம் அது எந்தப் பதிப்பகத்துக்கும் சொந்தமாக இல்லாமல் தொகுப்பாளரோடு ஊர் ஊராகப் போனதுதான்.

எட்டாவது இதழ் கைக்கு அடக்கமான அளவுக்குத் திரும்பியிருந்தது; கெட்டி அட்டை போட்டது. அதன் பதிப்பாளர் நேடலே ஒரு விழாவையும் நடத்திக்கொண்டிருந்தார். புரூக்ளினில் டெசர்ட் ஐலண்ட் என்ற காமிக்ஸ் கடை வைத்திருந்த கேப்ரியல் ஃபௌலர், விமர்சகர் பில் கார்டலோபுலோஸ், நேடல் மூவரும் சேர்ந்து 2009-இல் வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் தொடங்கிய புரூக்ளின் காமிக்ஸ் அண்ட் கிராஃபிக்ஸ் விழா அது. கடைக்காரர், விமர்சகர், பதிப்பாளர் மூவரும் ஒன்றாக நின்றதால் விழாவுக்கு ஒரு ரசனை இருந்தது. நான்கே ஆண்டுகள் நடந்தது. அதற்குள் நியூயார்க்கில் சிறுபதிப்பு காமிக்ஸ் என்றால் எது என்பதை அந்தக் கூடம் பலருக்குக் கற்றுக்கொடுத்தது. அதே காலத்தில் டொரண்டோவின் டிகாஃப் விழா 2009 முதல் நகரத்தின் பெரிய பொதுநூலகத்துக்குள்ளேயே, நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தது. புத்தகம் இரவல் வாங்க வந்த தாத்தாவும் பேத்தியும் காமிக்ஸ் மேசைகளுக்கு நடுவே நடந்து போன விழா. எனக்கு ஒரு விழாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஒன்பதாவது இதழ் 2016-இலும் பத்தாவது 2019-இலும் சியாட்டிலின் ஃபாண்டாகிராஃபிக்ஸ் வழியாக வந்தன. அமெரிக்க மாற்றுக் காமிக்ஸின் மூத்த பதிப்பகம் அது. அதன் புத்தகங்களை நார்டன் நிறுவனம் பொதுப் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுசெல்கிறது. பட்டியலைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் எழுதும் கடைக்காரரை மட்டும் நம்பும் கட்டாயம் இனி இந்தப் புத்தகத்துக்கு இல்லை. நாவலும் கவிதையும் இருக்கும் கடையில் அதுவும் நிற்கும். ஹார்க்கமும் 2023-இல் தன் பெரிய நாவலான ‘பிளட் ஆஃப் த விர்ஜின்’ நூலைப் பாந்தியன் வழியாக வெளியிட்டார். ‘மவுஸ்’ நூலை வெளியிட்ட அதே பதிப்பகம். தன் சொந்த இதழில் பகுதி பகுதியாகப் பல ஆண்டுகள் வரைந்து, விழாக்களில் விற்று, பிறகு சேர்த்த புத்தகம் அது.

2011 முதல் வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகம் எஸ்பிஎக்ஸ் பெயரில் ஒரு தனிச் சேகரிப்பை வைத்திருக்கிறது. நூலகப் பணியாளர்கள் விழாவுக்கு வந்து, மேசை மேசையாகப் போய்க் குறும்புத்தகங்களையும் தொகுப்புகளையும் சேகரிக்கிறார்கள். பின் அடித்த எட்டுப் பக்கத்துக்கும் அங்கே இடம் உண்டு. பதிப்பகங்கள் மூடினாலும் புத்தகம் எங்காவது இருக்கும் என்ற உறுதி இந்த உலகத்துக்குக் கிடைத்திருக்கிறது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். எஸ்பிஎக்ஸில் இப்போது மேசை கேட்பவர்கள் இருக்கும் மேசைகளைவிட அதிகம்; குலுக்கல் போட்டுத்தான் தருகிறார்கள். குலுக்கல் நேர்மையானது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய பதிப்பகத்துக்கு மேசை கிடைக்காவிட்டால் கடை இருக்கிறது, விநியோகஸ்தர் இருக்கிறார். முதல் தொகுப்பைப் போட்டுவிட்டு நிற்கிறவருக்கு அந்த வார இறுதியை விட்டால் ஒன்றும் இல்லை. முதல்முறை வருகிறவர்களுக்கென்று ஒவ்வொரு விழாவும் ஒரு வரிசை மேசைகளைத் தனியே ஒதுக்க வேண்டும். பாதி வாடகைக்கு, முடிந்தால் இலவசமாக. வாசலுக்குப் பக்கத்து வரிசையாக அது இருந்தால் இன்னும் நல்லது.